சாம்பல் நூல்

சாவியத் திருப்பிட்டு மீட்டர்ல எரியற லைட்டையெல்லாம் வெரல் வெச்சு எண்ணினீங்க பாருங்க சார், அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நீங்க எங்கியோ கேட்டுட்டு வந்திருக்கீங்கன்னு. தப்பில்லீங்க. எண்ணித்தான் பாக்கோணும். ஏர்பேக் லைட்டு எரியோணும், பத்து எண்றதுக்குள்ள அணையோணும். எரியவே இல்லீன்னாலும் கோளாறு, எரிஞ்சது அணையலீன்னாலும் கோளாறு. இந்த வண்டியில எரிஞ்சுது, அணஞ்சுது, பாத்தீங்கல்ல. அப்புறம் என்னங்க. உக்காருங்க. உங்க வீட்டம்மா பாப்பாவ வெச்சுட்டு வண்டியச் சுத்திப் பாத்துட்டு இருக்கட்டும். மழை இப்பத்தான் விட்டிருக்குது. டீ சொல்லியிருக்கேன்.

பேசறப்ப நடுவுல நடுவுல போனப் பாப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க. என்ற பொண்ணு தாரணி வால்பாறையிலிருந்து எறங்கி வந்துட்டு இருக்குது. ஒம்பது மாசம். தலப்பிரசவத்துக்குக் கூட்டிட்டு வர்றோம். என்ற சம்சாரம் கோகிலா நேத்தே மேல போயிட்டா, கூட இருந்து கூட்டியாரோணும்னு. பன்னண்டு மணிக்குக் கெளம்பினாங்க. ரெண்டு, ரெண்டேகாலுக்கு ஆழியாறு செக்போஸ்ட்டுக்கு வந்து போன் பண்றேன்னு மாப்ளை சொன்னாரு. நடுவுல நாப்பது வளைவு, மலையில டவரு கெடைக்காது. இப்ப மணி என்னங்க? மூணா? மூணு ஆகல, ரெண்டு அம்பதுதான். மழையில மெதுவா வருவாங்க. மாப்ளை கெட்டிக்கார டிரைவருங்க.

எங்க உட்டேன்? லைட்டு.

சார் வாத்தியாருன்னு சொன்னீங்க. உங்களுக்குப் பாடப்புஸ்தகம் எப்படியோ எனக்குக் கெஸ்ட்ரா கம்பெனி வண்டி அப்படி. கோயமுத்தூர்ல அவங்க டீலர்கிட்ட ஸ்பேர்ஸ் கவுண்டர்ல பதினாலு வருசம் நின்னவன் நான். அதுக்கப்புறந்தான் இந்தப் பழைய வண்டி யார்டு. ஒடஞ்ச சாமான ஒருத்தன் பேப்பர்ல சுத்திக் கொண்டாந்து வெப்பான். என்ன வண்டி, எந்த வருசம்னு அவனுக்கே தெரியாது. நான் திருப்பிப் பாத்துட்டு நம்பர் சொல்லுவேன். கம்ப்யூட்டரத் தொடமாட்டேன். என்ற பேரு திருமூர்த்தி. ஆனா இந்தப் பொள்ளாச்சியில போய்த் திருமூர்த்தின்னு கேட்டா எந்தத் திருமூர்த்திம்பாங்க. மாடல் மூர்த்தின்னு கேளுங்க, பஸ் ஸ்டாண்டுல பூக்காரம்மாகூட வழி சொல்லும்.

கெஸ்ட்ராவுல ரெண்டு வண்டிதாங்க நம்ம ஊர்ல ஓட்டம். விரான்னு டிக்கி வெச்ச சின்ன வண்டி, செடான். டோரன்னு ஒசரமா பெரிய வண்டி, இப்ப உங்க வீட்டம்மா பாத்துட்டு இருக்கறது. அந்தக் கம்பெனிக்காரனுக்கு ஒரு பழக்கம். எது புதுசா வந்தாலும் மொதல்ல டோரனுக்குத்தான் குடுப்பான். ரெண்டு வருசம் கழிச்சு அதையே விராவுக்குப் போடுவான். அண்ணன் சட்டையத் தம்பிக்குப் போட்டு உடறாப்பல. ரெண்டாயிரத்துப் பதினாலுல டோரனுக்கு ரெண்டு ஏர்பேக் வந்துச்சு, விராவுக்கு வந்தது பதினாறு. பதினாறுல டோரனுக்கு மூஞ்சிய மாத்துனான். பல்லு பல்லா இருந்த கிரில்ல எடுத்துட்டுத் தேன்கூடாட்டம் ஒண்ணு வெச்சான், பின்லைட்டுல ரெண்டு செவப்புக் கோடு வெச்சான். அதே கோடு விராவுக்குப் பதினெட்டுல வந்துச்சு. பதினெட்டுலதான் விராவுக்குக் கதவு ரப்பர் ரெட்டையாச்சு. அதுக்கு முன்னாடி கதவச் சாத்துனா தகர டப்பாச் சத்தம் வரும். பதினெட்டுக்கு அப்புறம் பொதுக்குன்னு மூடும். எனக்குக் கண்ணே வேண்டாங்க. கதவச் சாத்துங்க, வருசத்தச் சொல்றேன்.

சிரிக்கறீங்க. நெசந்தாங்க. கல்யாண வீட்டுல, காதுகுத்துல, எங்க போனாலும் என்ற கண்ணத் துண்டுல கட்டி உட்ருவாங்க. வாசல்ல நிக்கற வண்டியில ஒவ்வொண்ணாக் கதவச் சாத்துவாங்க. விரா பதினேழு, டோரன் பத்தொம்பதுன்னு நான் சொல்லிட்டே வருவேன். பசங்க கைதட்டுவாங்க. ஒருநாளும் தப்புனதில்ல. அந்தப் பெருமைதாங்க எனக்குக் கெரகமா வந்து முடிஞ்சுது.

இன்னொண்ணு சொல்றேன், இதக் கேட்டு வெச்சுக்கங்க, இது கம்பெனியில விக்கறவனுக்கே தெரியாது. பதினாறு டோரன் ஸ்டியரிங்கும் பதினெட்டு விரா ஸ்டியரிங்கும் ஒரே அச்சு. பட்டன் ஒண்ணு, தோல் ஒண்ணு, நடுவுல இருக்கற மூடி ஒண்ணு. வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான். தோலச் சுத்தித் தெச்சிருக்கற நூலு. டோரனுக்குச் சாம்பல் நூலு, விராவுக்குக் கருப்பு நூலு. விராவுல சாம்பல் நூலு எந்த வருசத்துலயும் வந்ததில்ல. கம்பெனி ஒண்ணுகூட உடல. இத மனசுல வெச்சுக்கங்க.

நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு விரா என்கிட்ட வந்துச்சு. பதினெட்டு மாடலு, வெள்ளை, தாராபுரம் ரோட்டுல தேங்கா லாரிக்குப் பின்னாடி போய்ச் சொருகுன வண்டி. மூஞ்சி பூராம் உள்ள போயிருச்சு. ஓட்டுனவருக்கு ஒண்ணும் ஆகலீங்க. ரெண்டு ஏர்பேக்கும் வெடிச்சு மனுசன அப்படியே தாங்கிப் புடிச்சிருக்குது. எறங்கி, ரோட்டோரம் நின்னு, வீட்டுக்குப் போன் பேசிட்டு இருந்தாராம். வண்டிய இன்சூரன்ஸ்ல கழிச்சுக் கட்டிட்டாங்க. நான் எடுத்தேன்.

தகர வேலையெல்லாம் நம்ம யார்டுலயே முடிச்சாச்சு. பாத்தா ஷோரூம் வண்டி. ஏர்பேக்குக்குத்தான் வழியில்ல. அது ஒருதரம் வெடிச்சா வெடிச்சதுதான், மறுபடி மடிச்சு உள்ள வெக்க முடியாது. புதுசு வேணும்னா கம்பெனியில சேசிஸ் நம்பரக் குடுத்து எழுதிப் போடோணும், வர மூணு மாசம் ஆகும், அவனே வந்து கம்ப்யூட்டர் வெச்சு மாட்டுவான். எத்தன வண்டிய அப்படிக் காத்துட்டு நிறுத்தறதுங்க. காயலாங்கடையில ஒரு பதினாறு டோரன் கெடந்துச்சு. அதுல ஸ்டியரிங்கக் கழட்டியாந்தேன். மூடி கிழிஞ்சிருந்துச்சு, ஒட்டிப் பட்டி பாத்து, நயமாப் பெயிண்ட் அடிச்சேன். டேஷ்போர்டுக்கும் அப்படித்தான். உள்ள ஒண்ணும் கெடையாது. காத்துதான்.

லைட்டுன்னு கேக்கறீங்களா. ஏர்பேக் இல்லீன்னா லைட்டு அணையாம எரியுமில்ல. அதுக்கு நெல்லு மணியளவுல ஒரு சாமான் இருக்குதுங்க, ரெசிஸ்டர்னு. ஏர்பேக்குக்குப் போற ஒயர்ல அத வெச்சு ஒட்டிட்டா, வண்டிக் கம்ப்யூட்டரு உள்ள ஏர்பேக் இருக்குதுன்னு நம்பிக்கும். லைட்டு எரியும், பத்து எண்றதுக்குள்ள அணையும். ரெண்டு ரெசிஸ்டரையும் நானே ஒட்டுனேன், இதோ இந்த மேசையில உக்காந்துதான்.

மொகம் ஒரு மாதிரி போகுதுங்களே சார். நான் ஒருத்தன் மட்டுமா செய்யறேன். நீங்க திருப்பூர் போங்க, கரூர் போங்க, எந்த யார்டுல இல்ல. ஆனா எனக்குன்னு ஒரு நாயம் இருந்துச்சு. அப்படிப்பட்ட வண்டிய நம்ம ஊர்ல நான் குடுத்ததே இல்ல. நம்ம சனம், நம்ம சொந்தம், ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. அந்த விராவச் சேலத்துல ஒரு புரோக்கர் கையில ஒப்படைச்சேன். அங்கிருந்து அவன் எங்கியோ தள்ளி உட்டுட்டான். தூரமாப் போயிருச்சு, நிம்மதின்னு இருந்தேன். அதோட அந்த வேலையவும் உட்டுட்டேன். இந்த டோரன்லயெல்லாம் நான் கையே வெக்கலீங்க, நீங்க பயப்படாதீங்க.

மணி என்ன இப்போ. மூணு அஞ்சு. மலை நடுவுல அட்டகட்டியில மேகம் எறங்கியிருக்கும். லைட்டப் போட்டுட்டு மெதுவாத்தான் வரோணும்.

தாரணிக்குக் கல்யாணம் போன வருசம் தை மாசத்துல. மாப்ளை நவநீதன் வால்பாறையில டீ பேக்டரியில இருக்காரு. நல்ல குடும்பம், பெரிய சனக்கட்டு. கல்யாணம் முடிஞ்ச பத்தாம்நாள் எங்களுக்கு மாப்ளை வீட்டுல விருந்து. நாங்க ஒரு வேன் நெறையப் போயிருக்கோம், அவங்க பக்கம் ஒரு அம்பது பேரு. சாப்பிட்டுக் கை கழுவறேன், சம்பந்தி சிரிச்சுட்டே துண்ட எடுத்துட்டு வர்றாரு. "மாடல் மூர்த்தின்னு ஊர்ல பேசிக்கறாங்க, எங்களுக்கும் காட்டுங்க சம்பந்தி"ங்கறாரு. கண்ணக் கட்டிக் கையப் புடிச்சு வாசலுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரே சிரிப்பு. ஒரு கதவு சாத்துச்சு. பொதுக்குன்னு. நான் சொன்னேன், "விரா, பதினெட்டு." எல்லாரும் கைதட்டுனாங்க. மாப்ளை கட்ட அவுத்து உட்டாரு. "மாமா, வண்டி எப்படியிருக்குது? நம்ம வண்டி. நேத்துத்தான் எடுத்துட்டு வந்தேன். உங்ககிட்டச் சொல்லாம வாங்கி உங்களையே அசத்தோணும்னு ஆசை"ன்னாரு.

வெள்ளை விரா.

அப்பக்கூட எனக்கு ஒண்ணும் தோணலீங்க. ஊர்ல எத்தன வெள்ளை விரா. கதவத் தொறந்து உள்ள பாத்தேன். ஸ்டியரிங்கச் சுத்தி சாம்பல் நூலு.

என்ற கைவேலை. அந்த மூடியில ஓரமா ஒரு எடத்துல பெயிண்ட் துளி கெட்டியா நின்னிருக்கும், நான் தேச்சும் போகல. அது அங்கயே இருந்துச்சு. மூணு கை மாறி, எங்கெங்கயோ சுத்தி, வந்து நின்னிருக்குது என்ற பொண்ணு வாசல்ல.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாமில்லீங்களா? வண்டின்னாலே ஊரே தேடி வர்ற மனுசன் மாமனாரா இருக்கறேன், சேலத்துல எவங்கிட்டயோ போய் வாங்கியாந்திருக்காரு. அசத்தறாராம். இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு ஆத்தாமைதான் வருது.

மாப்ளை அந்த நூலத் தடவிக் காட்டறாரு. "மாமா, இதப் பாத்தீங்களா, டோரன் நூலு. இது லிமிடெட் எடிசனாமே. கொஞ்ச வண்டிக்குத்தான் இப்படிப் போட்டாங்களாமே. புரோக்கர் சொன்னாரு. நெசந்தானுங்களா?" சம்பந்தி பாக்கறாரு, அவங்க சனம் அம்பது பேரும் பாக்கறாங்க. தாரணி தல நெறையப் பூவோட நின்னு என்ற வாயவே பாக்குது. அந்த வீட்டுக்குப் போய்ப் பத்து நாள்தாங்க ஆச்சு புள்ளைக்கு.

"ஆமாங்க மாப்ளை, கொஞ்சந்தான் உட்டான், உங்களுக்கு அமைஞ்சிருக்குது. தங்கமான வண்டி"ன்னு சொன்னேன்.

சொல்லிட்டேன் சார். மாடல் மூர்த்தியே சொல்லிட்டாருன்னு சம்பந்தி எல்லாருத்துக்கும் கேக்கறாப்பல சொன்னாரு. தாரணி மட்டும் கிட்ட வந்து, "ஏம்ப்பா உங்களுக்கு இப்படி வேர்க்குது"ன்னு கேட்டுச்சு. சாப்பாடு காரம்னு சொன்னேன்.

அன்னைக்கே தனியாக் கூப்புட்டுச் சொல்லியிருக்கலாம்ங்கறீங்க. என்னன்னு சொல்லச் சொல்றீங்க? மாப்ளை, இதுல ஏர்பேக் இல்ல, எப்படித் தெரியும்னா நாந்தான் எடுத்தேன்னா? அப்புறம் அந்த வீட்டுல என்ற புள்ள தலநிமிர்ந்து சோறு திங்குமா? அவங்கப்பன் ஏமாத்துக்காரன்னு ஒரு பேச்சு வந்தா, அது தாரணி தலையிலதாங்க விடியும். நான் எனக்காகப் பாக்கலீங்க. சத்தியமா எனக்காகப் பாக்கல.

ஆனா கையக் கட்டிட்டு உக்காந்திருக்கல. மொதல்ல வண்டியவே வாங்கிப்போடலாம்னு பாத்தேன். "மாப்ளை, விராவ எனக்குக் குடுத்துருங்க, புது டோரன் எடுத்து உங்க வாசல்ல நிறுத்தறேன்"னேன். அவரு சிரிக்கறாரு. "பாத்தியா தாரணி, உங்கப்பாவுக்கே இது மேல கண்ணு"ங்கறாரு. சம்பந்தி ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரு, மாடல் மூர்த்தியே டோரனக் குடுத்து இத மாத்திக்கக் கேட்டாரு, நாங்க குடுக்கலீன்னு. அதுக்கப்புறம் வண்டி மேல ஒரு தூசி உக்கார உடறதில்ல. சரி, பாலிஷ் போட்டுத் தர்றேன், ஒரு வாரம் யார்டுல உடுங்கன்னு கேட்டேன். கம்பெனிக்காரனத் தெரியாமக் கூட்டியாந்து மாட்டிரலாம்னு நெனப்பு. "வண்டிய உட்டுட்டு என்னால ஒரு நாள் இருக்க முடியாது மாமா, நானே போட்டுக்கறேன்"னுட்டாரு.

நான் கேக்கக் கேக்க அவருக்கு அந்த வண்டி ஒசந்துட்டே போகுது. நான் என்ன பண்றது.

அப்புறம் தாரணி மாசமாச்சு. அன்னைக்கு ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்ல. காலையில ஒரு யோசனை வந்துச்சு. நேராப் போன் பண்ணி சம்பந்தியம்மாகிட்டச் சொன்னேன். "எங்க கொலத்துல மாசமா இருக்கறவங்க முன்னாடி சீட்டுல உக்காரக்கூடாதுங்க. எங்க பக்கத்து வழக்கம். பின்னாடிதான் உக்காரோணும்"னு. அப்படி ஒரு வழக்கம் எங்கயும் கெடையாது சார், நானாக் கட்டுனது. கார் வந்தே நம்ம ஊர்ல எத்தன வருசமாச்சு, அதுக்குள்ள வழக்கம் எங்கிருந்து வரும். ஆனா அந்தம்மா ஒரு கேள்வி கேக்கல. வழக்கம்னா வழக்கம்னுட்டாங்க. தாரணி மட்டும், "இதென்னப்பா புதுசா இருக்குது"ன்னுச்சு. கோகிலாகூட, "எங்க வீட்டுல நான் கேள்விப்பட்டதே இல்லீங்களே"ன்னா. எங்கம்மா சொல்லுவாங்க, உனக்குத் தெரியாதுன்னு வாய அடைச்சேன். அன்னையிலிருந்து புள்ள பின்னாடிதான் உக்காருது. பெல்ட்டு போட்டுக்குது. பாதி பாரம் எறங்குனாப்பல இருந்துச்சு எனக்கு.

ஓட்டறவருக்குங்களா? அவருதான் ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு இருக்காருங்களே. அவருக்கு என்ன ஆகப்போகுது. நான் சொன்னேனில்ல, கெட்டிக்கார டிரைவர்.

போன மாசம் ஒண்ணு நடந்துச்சு. பதினேழாவது வளைவுல திரும்பறப்ப குறுக்க காட்டுமாடு நின்னிருக்குது. மாப்ளை பிரேக்க அழுத்தி ஒடிச்சிருக்காரு. வண்டி போய்த் தடுப்புச்சொவத்துல மோதிருச்சு. தாரணி சாயங்காலம் போன் பண்ணிச் சொல்லுது. பானெட்டு கூரையாட்டம் மடங்கி நின்னுச்சாம். அவருக்கு நெத்தி ஸ்டியரிங்குல இடிச்சு நாலு தையல். புள்ள சொல்லுது, "ஒண்ணும் பயப்படாதீங்கப்பா, லேசான இடிதான். ஏர்பேக்கே வெடிக்கலீன்னாப் பாத்துக்கங்களேன். பெரிய இடியா இருந்தா அது வெடிச்சிருக்குமில்ல."

லேசான இடியாமா. நாலு தையல்.

மாப்ளை பின்னாடியிருந்து குரல் குடுக்கறாரு, "மாமா, நீங்க சொன்னது சரிதான், தங்கமான வண்டி. ஏர்பேக் வேலையே இல்லாம அதுவே தாங்கிருச்சு." நான் போனக் காதுல வெச்சுட்டு சரிங்க சரிங்கன்னு சொல்லிட்டு இருந்தேன். அங்கயே பக்கத்துல ஒரு பட்டறையில குடுத்து மூஞ்சிய நிமித்திட்டாங்க. அவனும் உள்ள பிரிச்சுப் பாக்கல. லைட்டு எரிஞ்சுது, அணஞ்சுது, அவ்வளவுதான் அவனுக்கு.

டீய எடுத்துக்கங்க சார், ஆறுது. மணி மூணேகால். இல்ல, மூணு இருவது. ரெண்டேகாலுக்குன்னு சொன்னவங்க. போன் பண்ணாச் சுவிட்ச் ஆஃப்ங்குது. டவர் இல்லீன்னாலும் அப்படித்தான் சொல்லும், இல்லீங்களா? கோகிலாவுக்கும் போகல.

உங்ககிட்ட எதுக்கு இதயெல்லாம் சொல்றேன்னு எனக்கே தெரியல. ஒண்ணரை வருசமா ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல, கோகிலாகிட்டக்கூட. நீங்க லைட்ட எண்ணினீங்க பாருங்க, அதுதான். இதுவரைக்கும் ஒருத்தரும் எண்ணுனதில்ல.

மத்தியானம் கெளம்பறாங்கன்னு காலையில போன் வந்ததும் மாசாணியம்மன வேண்டிட்டேன். தாயி, இன்னிக்கு அவங்க நல்லபடியாக் கீழ எறங்கி வந்துட்டாப் போதும், நான் வாயத் தொறந்துடறேன், மாப்ளைகிட்ட எல்லாத்தயும் சொல்லிடறேன்னு. அவமானம் வந்தா வரட்டும். காலுல உழுந்தாவது அந்த வண்டிய மலையேறாம நிறுத்திடறேன். முடிவு பண்ணியாச்சு சார். ஆழியாறுலிருந்து போன் வந்த நிமிசம் சொல்லிருவேன். நீங்க சாட்சி.

இருங்க. அடிக்குது. தாரணிதான், தாரணிதான்.

அம்மணி. எங்க சாமி இருக்கீங்க? ... செக்போஸ்ட்டா. வந்தாச்சா. அப்புறம் ஏன் இத்தன நேரம்? ... மரமா. அட்டகட்டியிலயா. ஒரு மணி நேரமா நின்னீங்களா. சரி சரி, ஒண்ணுமில்ல, நான் சும்மாதான் உக்காந்திருக்கேன், இங்க ஒரு வாத்தியார் வந்திருக்காரு, வண்டி பாக்க. நீ எப்படியிருக்கற? பின்னாடிதான் உக்காந்திருக்கற? ... சரி. அம்மா? அம்மா எங்க உக்காந்திருக்கா?

முன்னாடியா?

ஏன் முன்னாடி? ... காலு நீட்டிக்கவா. பெல்ட்டுப் போட்டிருக்காளா? ... இறுக்குதுன்னா? எதுக்குக் கழட்டுனா? போடச் சொல்லு. போடச் சொல்லு அம்மணி. நீ மாப்ளைகிட்டப் போனக் குடு.

மாப்ளை, வாங்க. டீ குடிச்சீங்களா? ... ஆமாங்க, மரம்னு சொல்லுச்சு. ... மாப்ளை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். ... இல்லீங்க, வண்டியப் பத்தித்தான். ... ஒண்ணு என்னன்னா, அது வந்து. ... ஆமாங்க. நாப்பது வளைவும். ... சும்மாவா, தங்கமான வண்டியில்ல. ... ஒண்ணுமில்லீங்க மாப்ளை. ரோடு ஈரமா இருக்கும், மெதுவா வாங்க. அத்தையப் பெல்ட்டுப் போடச் சொல்லுங்க. அதச் சொல்றதுக்குத்தான். வெச்சர்றேன்.

வந்துட்டாங்க சார். கீழ எறங்கிட்டாங்க. அட்டகட்டியில மரம் உழுந்து ரோடு அடைச்சிருச்சாம், வேற ஒண்ணுமில்ல. மாசாணியம்மா கைவிடல.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? போன்ல சொல்ற சமாச்சாரமா அது. செக்போஸ்ட்டுல நின்னுட்டு இருக்காரு, பின்னாடி மாசமான பொண்டாட்டி, பக்கத்துல மாமியாரு. அங்க வெச்சு இதச் சொன்னா மனுசன் ஸ்டியரிங்கப் புடிப்பாரா. சாயங்காலம் வீட்டுல சொல்லலாம்னா சம்பந்தி சனமும் பஸ்ஸுல வருது. நல்ல நாளும் அதுவுமா. கொழந்த பொறக்கட்டும். மூணாம் மாசம் மேல அனுப்பறப்ப ஆற அமர உக்கார வெச்சுச் சொல்லிக்கலாம். கொழந்தைய மடியில வெச்சுட்டு தாரணி எப்படியும் பின்னாடிதான் உக்காருவா. பழகிட்டா. கோகிலாவுக்கு இனிமே வளைவு இல்ல, ஆழியாறு தாண்டுனா நேர் ரோடு, இருபது இருவத்தஞ்சு கிலோமீட்டரு. எத்தன தடவை வந்திருக்காங்க. அம்மனுக்கு ஒரு சேலை எடுத்துச் சாத்திட்டா வேண்டுதலும் முடிஞ்சுது.

அப்பாடா. இப்பத்தான் மூச்சு வருது. நானும் ஒரு டீ குடிக்கறேன்.

சரி சார், நம்ம சமாச்சாரத்துக்கு வாங்க. டோரன் பத்தொம்பது மாடலு. பதினெட்டுல இருந்த ஏசி கோளாறு இதுல கெடையாது, சரி பண்ணிட்டான். பின்சீட்டு சாய்மானம் ரெண்டு வெரக்கடை அதிகம். உங்க மாதிரி குடும்பத்துக்குன்னே உட்ட வண்டி. வெளிய உடறதுக்கு மனசில்லாமத்தான் வெச்சிருந்தேன். மேல கீழ பேச வேண்டாம், வாத்தியாருன்னு நாயமாச் சொல்றேன். நூலுங்களா? டோரனுக்குச் சாம்பல் நூலுதான் சார், அது கம்பெனி நூலு. அதான் சொன்னேனே, இதுல நான் கையே வெக்கல. நான் வாங்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சு, லைட்டும் எரிஞ்சுது, அணஞ்சுது. உள்ள பிரிச்செல்லாம் யாரு பாக்கறா.

உங்க வீட்டம்மாவுக்கு வண்டி புடிச்சுப்போச்சாட்டம் இருக்குது. ஏறி உக்காந்துட்டாங்க பாருங்க, பாப்பாவ மடியில வெச்சுட்டு.

சார், ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்க மாட்டீங்களே. அவங்கள முன்னாடி உக்கார வேண்டாம்னு சொல்லுங்க. கைக்கொழந்தையோட பின்னாடிதான் உக்காரோணும். வேற ஒண்ணுமில்லீங்க. எங்க பக்கத்து வழக்கம்.